எங்கே அவசரம்? எங்கே நிதானம்?

முற்றிய நுரையீரல் புற்றுநோய்: ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்

செம்மநத்தத்தில் உங்களுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டிப் போக வேண்டிய கிராமம். கொஞ்சம் காப்பி, நடுநடுவே மிளகுக் கொடி. வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷமாக பீடிப் பழக்கம்.

மார்கழியில் அவருக்கு இருமல் ஆரம்பிக்கிறது. "ஒண்ணுமில்ல கண்ணு, பனிக் காத்து. தை பொறந்தா சரியாயிடும்" என்கிறார். தை பிறக்கிறது, இருமல் போகவில்லை. மருந்துக் கடையில் சொல்லி ஒரு சிரப். அது தீர்ந்ததும் இன்னொரு சிரப். மாசியில் பெரியம்மா கவனிக்கிறார்: வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பங்குனியில் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். வலது நுரையீரலில் ஒரு நிழல். சளியில் கிருமி இல்லை. 'இருந்தாலும் டி.பி. மாதிரிதான் தெரிகிறது' என்று மாத்திரை தரப்படுகிறது. ஆடி மாதம் அவர் சேலத்துக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது, குரல் கம்மிப் போயிருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மார்கழியிலிருந்து ஆடி. ஏழு மாதம் ஓடிவிட்டது!

இது கற்பனைப் பெரியப்பாவின் கதைதான். ஆனால் நம் ஊர் மார்பு நோய் டாக்டர் யாரைக் கேட்டாலும், "இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!" என்பார். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர், நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால் ஏழு மாதம் நிதானமாக இருந்த அதே குடும்பம், 'புற்றுநோய்' என்ற வார்த்தையைக் கேட்டதும், "நாளைக்கே கீமோ ஆரம்பிச்சிடுங்க டாக்டர்!" என்று துடிக்கிறது. அவசரப்பட வேண்டிய இடத்தில் நிதானம். நிதானிக்க வேண்டிய இடத்தில் அவசரம். இதை மாற்றிக்கொண்டாலே பாதிக் காரியம் நடந்த மாதிரி. எப்படி என்று பார்ப்போமா?

முதல் அவசரம்: இருமல்

நுரையீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை என்றே சொல்லலாம். அதனால் கட்டி சிறியதாக இருக்கும்போது வலிக்காது. அது மூச்சுக்குழாயை அடைக்கும்போதோ, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையைத் தொடும்போதோதான் நமக்குத் தெரிய வருகிறது.

மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், பழைய இருமலின் தன்மையே மாறிப்போவது, சளியில் ரத்தக் கீற்று, காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது, தோள்பட்டை வலி, விரல் நுனிகள் உருண்டு பருப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும்.

பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பதை 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். ஆனால் 'எங்க அம்மா பீடியைத் தொட்டதே இல்லையே!' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் விடும் புகை ஒரு காரணம். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013-ல் அறிவித்தது. விறகடுப்புப் புகையும் அதே அமைப்பின் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

டி.பி.யா, கேன்சரா?

இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்-ரேயில் நிழல், மார்பில் நீர் கோப்பது... இவை அத்தனையும் டி.பி.யிலும் உண்டு, புற்றுநோயிலும் உண்டு. நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால் டாக்டருக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். சளியில் கிருமி தெரியாத டி.பி.யும் உண்டு. ஆகவே கிருமி தெரியாவிட்டாலும் சிலருக்கு டி.பி. மருந்து ஆரம்பிப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது.

பிறகு எங்கே தவறு நடக்கிறது? மருந்து கொடுத்துவிட்டு, மறுபடி பார்க்காமல் விடுவதில்தான்!

எனவே மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, டி.பி. என்று சொன்னால், சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சளியில் கிருமியின் மரபணுவையே தேடும் இந்தப் பரிசோதனையின் முடிவு சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். இரண்டு, கிருமி தெரியாமலே மருந்து ஆரம்பித்திருந்தால், ஒன்றிரண்டு மாதத்தில் எடை ஏறியிருக்க வேண்டும், இருமல் தணிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வேலை சி.டி. ஸ்கேன். மூன்று, கிருமி இருக்கிறது என்று நிரூபணமாகிவிட்டால் டி.பி. மருந்தை இடையில் நிறுத்தவே கூடாது. இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

செம்மநத்தத்துப் பெரியப்பாவுக்கு முதல் எக்ஸ்-ரேயை ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். அதற்கு மேல் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டும். அங்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தப் பயணத்தை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாமல் இருப்பதுதான் முதல் அவசரம்.

இரண்டாவது அவசரம்: சதைப் பரிசோதனை

எக்ஸ்-ரேயும் ஸ்கேனும் சந்தேகத்தைத்தான் சொல்லும். 'புற்றுநோய்தான், இன்ன வகைதான்' என்று சொல்லக்கூடியது சதைப் பரிசோதனை மட்டுமே. இதைத்தான் பயாப்ஸி என்கிறோம்.

கட்டி நெஞ்சுக்குள் இருக்கிறது என்பதற்காக அங்கேதான் ஊசி போட வேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ள டாக்டர் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அங்கே ஒரு நெறிகட்டி இருந்தால் அதிலிருந்தே சதை எடுத்துவிடலாம். மார்பில் நீர் கோத்திருந்தால், மூச்சுத் திணறலுக்காக எடுக்கிற அந்த நீரிலேயே புற்று அணுக்களைத் தேடலாம். இரண்டும் இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி, அல்லது சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போடும் ஊசி. கடைசியாகச் சொன்னதில் சிலருக்குக் காற்றுக் கசிவு ஏற்படலாம். அதனால் ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு முக்கியமான யோசனை. எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்துப் பாதுகாப்பார்கள். 'பிளாக்' என்று பெயர். சுண்டுவிரல் நகம் அளவு சதைகூட அதில் இருக்காது. ஆனால் இனி செய்யப்போகும் அத்தனை மரபணுப் பரிசோதனைக்கும் அதுதான் மூலதனம். ஆஸ்பத்திரி மாறினால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள்.

'நாலாவது ஸ்டேஜ்' என்றால்?

கட்டி நெஞ்சுக்குள், நிணநீர் முடிச்சுகள் வரை பரவியிருந்தால் மூன்றாவது கட்டம். இதில் கீமோவும் கதிரியக்கமும் சேர்த்துக் கொடுத்து, குணப்படுத்தும் நோக்கத்தோடு வைத்தியம் செய்யக்கூடியவர்கள் உண்டு. ஆகவே 'முற்றிவிட்டது' என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

எதிர்ப்பக்க நுரையீரல், நுரையீரல் உறை, கல்லீரல், எலும்பு, மூளை, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி ஆகியவற்றில் பரவியிருந்தால் அது நாலாவது கட்டம். மார்பு நீரில் புற்று அணு இருந்தாலே நாலாவது கட்டம்தான். அது ஏற்கெனவே தெரிந்துவிட்டால், பணம் புரட்டிப் பெட் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பல சமயம் வைத்தியத்தை அது மாற்றப் போவதில்லை. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் இருந்தால் மூளைக்கு ஸ்கேன் அவசியம்.

இன்னொன்றும் டாக்டர் கேட்பார்: "பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுத்தே இருக்கிறாரா?" சாதாரணக் கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் கீமோவைத் தாங்குவாரா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதில்தான். கூட்டிச் சொல்லாமல், குறைத்துச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போது நிதானம்: மரபணு என்ன சொல்கிறது?

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. நூறில் சுமார் 15 பேருக்குச் 'சிறு அணு' வகை. இது வேகமாகப் பரவும். கீமோவை உடனே ஆரம்பிக்க வேண்டும். மற்ற 85 பேருக்கு வேறு வகைகள். அவற்றில் அதிகம் காணப்படுவது அடினோகார்சினோமா.

இந்த அடினோகார்சினோமாவில்தான் நிதானம் பலன் தருகிறது. இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இன்னும் சிலருக்கு ஏ.எல்.கே., ராஸ்-1 மாற்றங்கள். இவை இருந்தால், புற்றை வளர்க்கும் அந்தச் சுவிட்சையே அணைக்கும் மாத்திரைகள் உண்டு. தினமும் வீட்டிலேயே சாப்பிடலாம். பரிசோதனை முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அந்த இரண்டு வாரம் வீண் அல்ல. வலியும் மூச்சுத் திணறலும் உள்ளவருக்கு அதற்கான நிவாரணம் உடனே ஆரம்பித்துவிடும். நிலைமை மோசமாக இருந்தால் டாக்டரே காத்திருக்காமல் கீமோவைத் தொடங்குவார். சதை போதவில்லை என்றால் ரத்தத்திலும் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்கலாம்.

ஜெஃபிடினிப் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு இது கீமோவைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது ஆசிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சியில் 2009-ல் தெரிய வந்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு இதே மாத்திரை கீமோவைவிட மோசம்! பரிசோதனை செய்யாமல் 'சும்மா கொடுத்துப் பார்ப்போம்' என்பது எவ்வளவு ஆபத்து, பார்த்தீர்களா?

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று. மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 350 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஜெஃபிடினிப் மட்டும், மற்றொரு பிரிவுக்கு ஜெஃபிடினிப்போடு கீமோவும் கொடுத்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, நோய் கட்டுக்குள் இருந்த காலம் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் 8 மாதம். இரண்டும் சேர்ந்தவர்களில் சுமார் 16 மாதம். ஆனால் பக்க விளைவும் அதிகம். எனவே யாருக்கு எது என்பது அவர் உடம்பின் தெம்பைப் பொறுத்தது. இவை நடுத்தரக் கணக்குகள்; பாதிப் பேருக்கு இதைவிடக் குறையும், பாதிப் பேருக்குக் கூடும்.

ஓசிமெர்டினிப் என்ற அடுத்த தலைமுறை மாத்திரை இன்னும் நீண்ட காலம் நோயைக் கட்டுப்படுத்துகிறது. விலைதான் இடிக்கிறது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் இதற்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. ஜெஃபிடினிப்பை இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் அதன் விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. முகத்தில் பரு மாதிரி தடிப்பு, வயிற்றுப்போக்கு இரண்டும் இதன் சாதாரணத் தொல்லைகள். அசிடிட்டிக்குப் போடும் மாத்திரைகள் ஜெஃபிடினிப் உடம்பில் சேருவதைத் தடுக்கும். ஆகவே நெஞ்செரிச்சலுக்கு நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மரபணு மாற்றம் எதுவும் இல்லையென்றால்? மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. பிடி-எல்-1 என்ற பரிசோதனையில் 50 சதவிகிதத்துக்கு மேல் வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி ஊசி பலன் தரலாம். இதுவும் செலவு அதிகம். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவருக்கு இந்த ஊசியால் பலன் குறைவு. இதை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஓசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரலில் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. நிதானத்துக்கு இன்னொரு காரணம்!

மலையில் இருப்பவருக்குச் சில யோசனைகள்

கீமோ முடிந்த கையோடு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏற்றாதீர்கள். வாந்தியே அவரைப் பாதி ஆளாக்கிவிடும். ஒரு ராத்திரியாவது சேலத்தில் தங்க வைத்து அனுப்புங்கள்.

கீமோவுக்குப் பிறகு இரண்டாவது வாரத்தில் ரத்த வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. எனவே ஒரு தெர்மாமீட்டரும், எந்நேரம் கூப்பிட்டாலும் வரக்கூடிய வண்டிக்காரரின் போன் நம்பரும் வீட்டில் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸ் இருக்கவே இருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் வைத்தியமும் அதில் அடங்கும். அந்த வருமானத்தைத் தாண்டிய நடுத்தரக் குடும்பங்கள்தான் தவிக்கின்றன. நோய் வந்த பிறகு பாலிசி தேடுவதில் பயனில்லை. இன்றைக்கே உங்கள் மெடிக்கல் பாலிசியில் வாய்வழி மாத்திரைக்கும் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் நம் மாநிலத்தில் உள்ள பெரிய துணைகள். நிலத்தை விற்பதற்கு முன், 'இந்த மருந்தால் எவ்வளவு காலம் கூடும்? எப்படிப்பட்ட காலமாக இருக்கும்?' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

"அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்!"

நம் வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். ரிப்போர்ட்டை மகன் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். 'வெறும் சளிக்கட்டி' என்று பெரியப்பாவிடம் சொல்லப்படும். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் புற்றுநோய் வார்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, பக்கத்துப் படுக்கைக்காரரே விஷயத்தைச் சொல்லிவிடுவார். பிறகு அவரும் தெரியாதது போல் நடிப்பார், நீங்களும் நடிப்பீர்கள். தோட்டத்தை யார் பார்ப்பது, பேத்தி கல்யாணத்தை முன்னால் வைக்கலாமா, கடைசி நாட்களில் மலைக்கே போய்விடலாமா... பேச வேண்டிய எதையும் பேச முடியாமல் போய்விடும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதில்லை. "டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கறீங்களா பெரியப்பா, இல்ல நாங்க பேசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையது.

வலி நிவாரணம்: கடைசியில் அல்ல, முதல் நாளிலேயே

2010-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்று, முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மறு பிரிவுக்கு அதோடு, ஆரம்பத்திலிருந்தே வலி நிவாரண, மன ஆறுதல் சிகிச்சை. இரண்டாவது பிரிவினர் கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். மனச் சோர்வும் குறைவு. ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம்!

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை சிறந்தது. 'பழகிவிடுமே' என்ற பயம் வேண்டாம். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். கூடவே பேதி மாத்திரையும் வேண்டும். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு வேளைக் கதிரியக்கம்கூட நல்ல நிவாரணம் தரும். மூச்சுத் திணறலுக்குச் செலவில்லாத வழி ஒன்று: முகத்துக்கு நேராகக் காற்று வரும்படி ஒரு சிறிய மின்விசிறி. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நிவாரண சிகிச்சையும் உண்டு. செம்மநத்தம் போன்ற மலை ஊர்க்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

உங்கள் சந்தேகங்கள்

ஊசி குத்தினால் புற்று பரவிவிடுமா?
இந்தப் பயத்தால் பயாப்ஸியைத் தள்ளிப் போட்டு நோயை வளர்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ஊசியால் பரவுவது மிக மிக அபூர்வம். ஊசி இல்லாமல் சரியான மருந்தே கிடையாது.

இனிமேல் பீடியை விட்டு என்ன ஆகப் போகிறது?
நிறைய ஆகும். மூச்சு லேசாகும், நெஞ்சில் சளித் தொற்று குறையும், மருந்து நன்றாக வேலை செய்யும்.

கூடவே நாட்டு மருந்து சாப்பிடலாமா?
டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், கல்லீரலையும் பாதிக்கலாம்.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:
1. எந்த வகை? எந்தக் கட்டம்?
2. மரபணுப் பரிசோதனைக்குச் சதை போதுமா? பிளாக் எங்கே இருக்கிறது?
3. இந்த வைத்தியத்தின் நோக்கம் குணமா, கட்டுப்பாடா?
4. செலவு மாதத்துக்கு எவ்வளவு? எத்தனை மாதம்?
5. வலி நிவாரணம் இன்றே தொடங்கலாமா?

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை:
முதுகுவலியோடு கால் மரத்துப் போவது அல்லது சிறுநீர் வராமல் போவது, முகமும் கழுத்தும் வீங்குவது, வாய் நிறைய ரத்தம், கீமோ நாட்களில் காய்ச்சல், வலிப்பு.

நாலாவது கட்ட நுரையீரல் புற்றுநோயைப் பெரும்பாலோருக்குப் பூரணமாகக் குணப்படுத்த முடிவதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரியான சதைப் பரிசோதனை, சரியான மருந்து, வலியில்லாத நாட்கள் ஆகிய மூன்றும் கிடைத்தால், அடுத்த பருவத்துக் காப்பிப் பழம் பறிப்பதைப் பெரியப்பா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒருவேளை அதற்கடுத்த பருவத்தையும்.

உங்கள் வீட்டில் யாராவது ஒரு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறார்களா? பத்திரிகையை மூடிவைத்துவிட்டு, நாளைக் காலை எக்ஸ்-ரேக்குக் கிளம்பச் சொல்லுங்கள்.